டெக்கீலாவில் சர்க்கரை எங்கே போயிற்று?

ஜொகூர் பாரு, ஸ்கூடாய், மாசாய் வட்டாரக் கல்யாண விருந்துகளில், பத்துப் பேர் உட்காரும் வட்ட மேசையில் ஒரு பேச்சு அடிக்கடி எழும். “பியர் வேணாம் அண்ணே, தொப்பை போடும். டெக்கீலா எடுங்க. அதுல சர்க்கரையே கிடையாது. இனிப்புநீர் உள்ளவங்களும் குடிக்கலாம்.”

இந்தப் பேச்சில் ஒன்று மட்டும் உண்மை. டெக்கீலாவில் சர்க்கரை இல்லை. கொழுப்பும் புரதமும்கூட இல்லை. நீர், எத்தனால் எனப்படும் ஆல்கஹால், மணத்தையும் காரத்தையும் கொடுக்கும் சில பொருள்கள் சொற்ப அளவில், அவ்வளவுதான். ஆனாலும் 30 மில்லிலிட்டர் பிடிக்கும் ஒரு சின்னக் கிளாஸில் 65 கலோரிக்கு மேல் இருக்கிறது. சோற்றிலும் எண்ணெயிலும் இறைச்சியிலும் நமக்குக் கலோரி தரும் மூன்று சத்துகளில் ஒன்றுகூட இல்லாத நீரில் இது எங்கிருந்து வந்தது? சர்க்கரை இல்லையென்றால் இனிப்புநீர் (நீரிழிவு) நோயாளிக்கு என்ன ஆபத்து? இரண்டு கேள்விக்கும் விடை, நம் தாத்தாக்கள் நன்கு அறிந்த கள்ளுப் பானையிலிருந்தே தொடங்குகிறது.

தென்னம்பாளையைச் சீவிக் கட்டிய பானையில் சொட்டும் சாறு, சொட்டும்போது கள் அல்ல. நூற்றுக்கு 12 முதல் 15 பங்குவரை சர்க்கரை கொண்ட இனிப்பான சாறு அது. பானையின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டினால், இறக்கும்போதும் பதநீராகவே இனிக்கும். தடவாமல் விட்டால் சில மணி நேரத்தில் நுரை கட்டி, புளித்து, கள்ளாகிவிடும். காற்றிலும் பாளையிலும் பழைய பானையிலும் ஒட்டியிருக்கும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்தான் காரணம். சுண்ணாம்பின் காரத்தன்மையில் அது பெருக முடியாது. சுண்ணாம்பு இல்லாத பானையில் அது சர்க்கரையைத் தின்று, ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியே தள்ளும். இதைத்தான் நொதித்தல் என்கிறோம். கள்ளின் நுரை அந்த வாயுதான்.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். 100 கிராம் குளுக்கோஸ் முழுக்க நொதித்தால் ஏறக்குறைய 51 கிராம் ஆல்கஹால் கிடைக்கும். மீதி வாயுவாகப் பறந்துவிடும். எடை பாதியாகிவிட்டது. ஆனால் பறந்துபோன கரியமில வாயு ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள். அதில் எரிக்க ஒன்றும் மிச்சமில்லை. எரியக்கூடியதெல்லாம் ஆல்கஹாலிலேயே தங்கிவிட்டது. சர்க்கரையில் இருந்த ஆற்றலில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல், பாதி எடைக்குள் இப்போது அடைந்திருக்கிறது. தான் வாழ்வதற்கு ஈஸ்ட் எடுத்துக்கொண்டது மிகக் கொஞ்சம். அதனால்தான் ஒரு கிராம் சர்க்கரை 4 கலோரி தரும்போது, ஒரு கிராம் ஆல்கஹால் 7 கலோரி தருகிறது. கொழுப்புக்கு 9. ஆக, ஆல்கஹாலின் இடம் சர்க்கரையைவிடக் கொழுப்புக்குத்தான் பக்கம்.

அடுத்த படி காய்ச்சி வடித்தல். நீர் கொதிப்பது 100 பாகை செல்சியஸில், ஆல்கஹால் கொதிப்பது 78 பாகைக்குச் சற்று மேலே. நொதித்த சாற்றைச் சூடாக்கினால் ஆல்கஹால் முந்திக்கொண்டு ஆவியாகும். அந்த ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தால் சாராயம். ஆவியாகாத சர்க்கரை, புரதம், உப்பு, உயிர்ச்சத்து எல்லாம் கொப்பரையின் அடியில் தங்கிவிடும். விஸ்கி, பிராந்தி, ரம், டெக்கீலா, நம் ரப்பர் தோட்டங்களைச் சீரழித்த சம்சு என்னும் மலிவுச் சாராயம் எல்லாமே இந்த வழியில் வந்தவை.

டெக்கீலா மெக்சிகோவின் ஹாலிஸ்கோ மாநிலத்தில் அதே பெயருள்ள ஊரை ஒட்டிப் பிறந்தது. நீலக் கற்றாழை என்று சொல்லத்தக்க அகாவே செடியை ஆறேழு ஆண்டு வளர்த்து, இலைகளைச் சீவி எறிந்து, அன்னாசிப்பழம்போல் இருக்கும் நடுக்கிழங்கை எடுத்து அவிக்கிறார்கள். பச்சைக் கிழங்கில் இருப்பது ஃப்ரக்டான் என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலி. அதை நம் குடலால் செரிக்க முடியாது. அவித்தால் சங்கிலி அறுந்து ஃப்ரக்டோஸாக மாறும். அதன்பின் ஈஸ்ட், அதன்பின் கொப்பரை.

இங்குதான் ஒரு செய்தி திரிந்துபோனது. 2014ஆம் ஆண்டு அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் மெக்சிகோ ஆய்வாளர் மெர்செடெஸ் லோபெஸ், பச்சை அகாவேயின் ஃப்ரக்டான்களை எலிகளுக்குக் கொடுத்தபோது இரத்தச் சர்க்கரை குறைந்ததாக அறிவித்தார். செய்தி கைமாறிக் கைமாறி ‘டெக்கீலா இனிப்புநீருக்கு நல்லது’ என்று ஆகிவிட்டது. எலிகளுக்குக் கொடுத்த பொருளோ, டெக்கீலா காய்ச்சும்போது முதல் வேலையாக உடைத்தழிக்கப்படுவது. புட்டிக்குள் அது வருவதே இல்லை. வாட்சாப்பில் இன்றும் இந்தத் தகவல் சுற்றிக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. மருத்துவரின் பேச்சைவிட அதை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, ஆல்கஹால் அடுப்பில் எரியும், அது தெரியும். உடம்புக்குள்ளும் எரிகிறது என்று எப்படித் தெரியும்? மூச்சிலும் சிறுநீரிலும் அப்படியே வெளியேறிவிடலாம் அல்லவா? 19ஆம் நூற்றாண்டில் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். ஆல்கஹால் உணவல்ல, வெறும் நஞ்சு, உடல் அதைக் கழித்து வெளியே தள்ளுகிறது என்று அமெரிக்க மதுவிலக்கு இயக்கத்தார் பள்ளிப் பாடநூல்களிலேயே எழுதவைத்தார்கள்.

இதைத் தீர்த்துவைத்தவர் வில்பர் அட்வாட்டர். கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், இயற்பியலாளர் எட்வர்ட் ரோசாவுடன் சேர்ந்து, மனிதன் உள்ளேயே தங்கக்கூடிய ஒரு வெப்பஅளவி அறையைக் கட்டினார். 7 அடி நீளம், 4 அடி அகலம். அதற்குள் ஒரு மடக்குக் கட்டில், ஒரு நாற்காலி, ஒரு மேசை. சுவருக்குள் ஓடும் குழாய்களில் குளிர்ந்த நீர் போய்க்கொண்டே இருக்கும். உள்ளிருப்பவரின் உடம்புச் சூட்டை அந்த நீர் வாங்கிக்கொண்டு வரும். எவ்வளவு நீர், எத்தனை பாகை சூடேறியது என்று அளந்தால், அந்த மனிதன் எவ்வளவு ஆற்றலை எரித்தான் என்பது தெரிந்துவிடும். கலோரி என்பதே இதுதான்: ஒரு லிட்டர் நீரை ஒரு பாகை செல்சியஸ் சூடேற்றத் தேவையான வெப்பம். உள்ளே போகும் காற்று, வெளியே வரும் காற்று, சாப்பாடு, மலம், சிறுநீர் எல்லாவற்றையும் நிறுத்து ஆராய்ந்தார்கள். ஆட்கள் நாள்கணக்கில் உள்ளேயே தங்கினார்கள்.

சில நாள் வழக்கமான உணவு. வேறு சில நாள், உணவில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அதே ஆற்றல் அளவுக்கு ஆல்கஹால், நாளுக்குச் சுமார் 72 கிராம், ஆறு வேளையாகப் பிரித்து. அட்வாட்டரும் அவர் கூட்டாளி பிரான்சிஸ் பெனடிக்டும் 1902இல் வெளியிட்ட முடிவு தெளிவானது. குடித்த ஆல்கஹாலில் எரியாமல் வெளியேறியது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் உடலுக்குள் எரிந்து, கணக்குப் பிசகாமல் வெப்பமாக நீரில் தெரிந்தது. அட்வாட்டர் ஒரு மெதடிஸ்ட் போதகரின் மகன், குடிக்கு ஆதரவானவர் அல்லர். மதுவிலக்குக்காரர்கள் அவர்மேல் பாய்ந்தார்கள். மது வியாபாரிகளோ அவர் பெயரைத் தங்கள் விளம்பரத்தில் போட்டுக்கொண்டார்கள். அவர் சொன்னது ஆல்கஹால் ஆற்றல் தரும் என்பதை மட்டும். நல்லது என்று அவர் சொல்லவில்லை. இந்த வேறுபாட்டை அன்றும் பலர் பிடித்துக்கொள்ளவில்லை.

இந்த அறிவை வைத்துக்கொண்டு எந்தப் புட்டியின் கலோரியையும் நீங்களே கணக்கிடலாம். பல மதுப் புட்டிகளில் கலோரி எண்ணிக்கை அச்சிட்டிருக்காது. ஆல்கஹால் விழுக்காடு கட்டாயம் இருக்கும், அது போதும். மில்லிலிட்டரை விழுக்காட்டால் பெருக்கி 18ஆல் வகுத்தால், ஆல்கஹால் தரும் கலோரி வந்துவிடும். 40 விழுக்காடு டெக்கீலா 30 மில்லிலிட்டர்: ஏறக்குறைய 67. ஐந்து விழுக்காடு பியர், 320 மில்லிலிட்டர் டின்: 89, அதோடு நொதிக்காமல் மிஞ்சிய மாவுச்சத்து நாற்பது கலோரி தரும், ஆக 130. அரை லிட்டர் கள்ளில் ஐந்து விழுக்காடு இருந்தால் 139, அன்று இறக்கிய கள்ளென்றால் மிச்சச் சர்க்கரை தனி. டெக்கீலாவையோ விஸ்கியையோ கோலாவில் கலந்தால் கோலாவின் சர்க்கரையையும் சேர்க்க வேண்டும். 100 மில்லிலிட்டரில் 10 கிராம் சர்க்கரை உள்ள பானம் 200 மில்லிலிட்டர் ஊற்றினால் இன்னொரு 80. சின்னக் கிளாஸ் டெக்கீலா ஐந்து என்றால் 330 கலோரியைத் தாண்டும். அது ஒரு ரொட்டி சானாயைவிட அதிகம், வயிறு நிறைந்த உணர்வு மட்டும் இருக்காது. பியர்தான் தொப்பை போடும் என்ற எண்ணம் இந்தக் கணக்கில் நிற்காது. பியரை டின் டின்னாகக் குடிக்கிறார்கள், டெக்கீலாவைச் சின்னக் கிளாஸில் குடிக்கிறார்கள், வேறுபாடு அளவில்தான்.

‘ஆற்றல் தரும்’ என்பதை ‘சத்து தரும்’ என்று புரிந்துகொண்டதால் நம் மக்களுக்கு நேர்ந்த கேடு பெரிது. ரெங்கம், குளுவாங், கூலாய், சிகாமட் என்று ஜொகூரின் ரப்பர் தோட்டங்களிலும், மலாயா முழுக்கவும், தமிழ்த் தொழிலாளி குடியிருந்த லயத்துக்கு எட்டிய தூரத்தில் கள்ளுக்கடை இருந்தது. தோட்ட நிர்வாகமே நடத்திய கடைகளும் உண்டு. லாபம் ‘கள்ளு நிதி’யாகச் சேர்ந்து தொழிலாளர் நலனுக்கு என்று திரும்பி வந்தது. கள் சத்துள்ள பானம், உயிர்ச்சத்து உண்டு, மூடினால் சம்சுவுக்குப் போய்விடுவார்கள் என்று வெள்ளைக்காரத் துரைமார் வாதாடினார்கள். தொழிலாளிகள் அதை ஏற்கவில்லை. 1941இல் ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடுவதும் ஒன்று. போருக்குப் பின் கெடாவில் ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடை வாசலில் மறியலுக்கு நின்றது.

கள்ளில் உயிர்ச்சத்து உண்டு என்ற வாதத்தில் ஒரு துளி உண்மை இருந்தது. வடிக்காத கள்ளில் ஈஸ்ட் கலங்கி நிற்பதால் பி வகை உயிர்ச்சத்துகள் ஓரளவு இருக்கும். ஆனால் அந்த உயிர்ச்சத்துகளின் கதையில் ஒரு முக்கியப் பகுதி மலாயாவிலேயே எழுதப்பட்டது, அதில் உண்மையான காவலன் கள் அல்ல, புழுங்கலரிசி. நெகிரி செம்பிலான் அரசு மருத்துவர் வில்லியம் பிராடன், 1907இல் வெளியிட்ட நூலில் ஒன்றைக் கவனப்படுத்தினார்: தீட்டிய வெள்ளரிசி தின்ற சீனச் சுரங்கத் தொழிலாளர் பெரிபெரி நோயால் கால் வீங்கி, இதயம் தளர்ந்து செத்தார்கள். புழுங்கலரிசி தின்ற தமிழருக்கு அந்நோய் அரிதாகவே வந்தது. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டான்டனும் ஜாவானியத் தொழிலாளர்களை இரு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு வெள்ளரிசியும் மற்றதற்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளரிசிக் குழுவில்தான் நோய் வந்தது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கும் அந்தப் பொருளுக்குப் பின்னாளில் தயமின் என்று பெயரிட்டார்கள், பி1 உயிர்ச்சத்து.

கள்ளிலிருந்து சம்சுவுக்கு மாறிய குடிகாரருக்குக் கள்ளில் இருந்த அந்தச் சிறு காவலும் போயிற்று. காய்ச்சி வடித்ததில் தயமின் துளியும் இல்லை. ஆல்கஹால் குடலில் தயமின் உறிஞ்சப்படுவதையும் தடுக்கிறது. சோற்றுக்குப் பதில் சாராயத்தில் வயிற்றை நிரப்புபவருக்கு ஆற்றல் வந்துகொண்டே இருக்கும், அந்த ஆற்றலை முறையாக எரிக்கத் தேவையான உயிர்ச்சத்து வராது. 1881இல் கார்ல் வெர்னிக்கே விவரித்த மூளைக்கோளாறு இதன் உச்சம்: கண் அசைவு தடுமாறும், நடை தள்ளாடும், புத்தி குழம்பும். ‘போதையில் இருக்கிறார்’ என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். உரிய நேரத்தில் தயமின் ஊசி போட்டால் மீட்கக்கூடிய நோய் அது. இந்த மலிவுச் சாராயத்தின்மேல் சட்டமும் பின்னாளில் இறுகியது. 2017 டிசம்பர் முதல் மலேசியாவில் மது வாங்கும் வயது 18இலிருந்து 21 ஆனது. சம்சு போன்ற கலவைச் சாராயத்தை 700 மில்லிலிட்டருக்குக் குறையாத கண்ணாடிப் புட்டியில்தான் விற்கலாம் என்ற விதியும் வந்தது. பாக்கெட்டில் அடங்கும் மலிவுப் புட்டிகளை நம்பியிருந்த வியாபாரத்துக்கு அது நல்ல அடி.

இனி கல்லீரலுக்குள் போவோம். குளிர்பெட்டி இல்லாத வீட்டுக்கு அந்திப்பொழுதில் ஒரு கூடை மீன் வந்து இறங்கினால், அம்மா என்ன செய்வார்? அரிசி மூட்டையும் பருப்பும் நாளைக்கும் இருக்கும், மீன் இருக்காது. மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு மீனைத்தான் முதலில் ஆய்ந்து சமைப்பார். கல்லீரலும் அப்படித்தான். சர்க்கரையைச் சேமிக்க அதற்கு இடமுண்டு, கொழுப்பைச் சேமிக்க உடம்பெங்கும் இடமுண்டு, ஆல்கஹாலைச் சேமிக்க எங்கும் இடமில்லை. ஆகவே அது வந்ததும் மற்ற எரிபொருள்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

காத்திருப்பு எவ்வளவு நேரம்? சுவீடனின் எரிக் விட்மார்க் 1920களில் விரல்நுனி இரத்தத்தை அளந்து கண்டது: ஆல்கஹால் அளவு ஒரே சீராக, நேர்கோட்டில் இறங்குகிறது. மணிக்கு ஏழெட்டு கிராம்தான் கல்லீரல் கையாளும். காப்பி குடித்தாலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலும் வேகம் கூடாது. ஒரு சின்னக் கிளாஸ் டெக்கீலாவின் 9 கிராமுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஐந்து கிளாஸ் என்றால் விருந்து முடிந்து, வீடு வந்து, பொழுது விடிய நெருங்கும்வரை கல்லீரல் அதே வேலையில் இருக்கும்.

சுவிட்சர்லாந்தில் ஆய்வாளர் சூட்டரும் அவர் கூட்டாளிகளும் 1992இல், அட்வாட்டரின் அறைக்குப் பேரப்பிள்ளை போன்ற நவீன அறையில் எட்டு ஆரோக்கியமான ஆண்களை வைத்து இதை அளந்தார்கள். நாளின் ஆற்றல் தேவையில் கால் பங்கை ஆல்கஹாலாகக் கொடுத்தபோது, உடல் எரித்த கொழுப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. உணவோடு கூடுதலாகக் கொடுத்தாலும், உணவுக்குப் பதிலாகக் கொடுத்தாலும் அதே கதை. தொப்பைக்குக் காரணம் பியரின் பார்லியோ டெக்கீலாவின் கற்றாழையோ அல்ல. அன்றிரவு தின்ற ஆட்டுப் பிரட்டலின் எண்ணெய் எரியாமல் ஒதுங்குவதுதான்.

கல்லீரலின் இந்த வேலையை நடத்துவது நொதிகள், அவற்றுக்குத் துணையாக என்ஏடி என்ற சிறு மூலக்கூறு. ஆல்கஹாலை முதலில் அசிட்டால்டிஹைடாகவும், பிறகு அசிட்டேட்டாகவும் மாற்றும் இரண்டு படிகளிலும் என்ஏடி செலவாகிறது. கொழுப்பை எரிக்கவும் அதே என்ஏடி வேண்டும், அது கையிருப்பில் குறைந்ததும் கொழுப்பு கல்லீரலிலேயே தேங்குகிறது. ‘நல்லா சாப்பிட்டுக் குடிச்சா ஒண்ணும் ஆகாது’ என்பார்கள். நெடுங்காலம் மருத்துவர்களும் அப்படித்தான் எண்ணினார்கள், குடிகாரரின் கல்லீரல் கெடுவது பட்டினியால் என்று. ஆய்வாளர் சார்லஸ் லீபர், சத்துக்குறைவே இல்லாத உணவோடு ஆல்கஹால் கொடுத்த மனிதர்களின் கல்லீரலில் கொழுப்பு சேர்வதையும், 1970களில் அவ்வாறு வளர்த்த பபூன் குரங்குகளுக்குக் கல்லீரல் இறுகிப்போவதையும் காட்டி, அந்த நம்பிக்கையை உடைத்தார்.

இனிப்புநீர் நோயாளியின் ஆபத்தும் இதே என்ஏடியில்தான் இருக்கிறது. இந்நாட்டில் 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையேதான் மிக அதிகம். ஆக, கல்யாண மேசையில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரில் சிலர் மாத்திரை போட்டுக்கொண்டோ ஊசி குத்திக்கொண்டோ வந்திருப்பார்கள்.

நாம் சாப்பிடாத நேரத்தில் இரத்தத்தில் சர்க்கரை இறங்காமல் காப்பது கல்லீரல். முதலில் சேமிப்பை அவிழ்க்கும், அது தீர்ந்தால் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்கும். தயாரிக்க என்ஏடி வேண்டும். ஆல்கஹால் அதைப் பிடித்து வைத்திருக்கும்போது தயாரிப்பு முடங்கும். நல்ல உடம்புள்ளவர் சாப்பிட்டிருந்தால் சமாளித்துவிடுவார். இன்சுலினோ, கிளிபென்கிளமைட், கிளிக்ளசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவருக்கு ஒரு பக்கம் மருந்து சர்க்கரையைக் கீழே இழுக்கும், மறுபக்கம் தூக்கிவிட வேண்டிய கல்லீரல் கை கட்டி நிற்கும். அவர் சோற்றையும் குறைத்துக்கொண்டு ‘சர்க்கரை இல்லாத’ டெக்கீலாவை மட்டும் குடித்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். குடித்த உடனே தெரியாது. நள்ளிரவிலோ விடிகாலையிலோ, தூக்கத்தில், சர்க்கரை தாழும்.

வியர்வை, நடுக்கம், குழறும் பேச்சு, தள்ளாட்டம், எரிச்சல், மயக்கம். சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறிகள் பெரும்பாலும் போதையின் அறிகுறிகள்போலவே இருக்கும். ‘தெளிஞ்சா சரியாயிடும்’ என்று போர்வையைப் போர்த்திவிட்டுப் போகிறவர்கள் அறியாமல் செய்யும் தவறு உயிரைப் பறிக்கலாம். விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சிறு கருவியில் வைத்தால் சில வினாடிகளில் வேறுபாடு தெரிந்துவிடும். லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்து, ஆள் விழித்து விழுங்கும் நிலையில் இருந்தால், சர்க்கரைத் தண்ணீரோ மைலோவோ கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். எழுப்பியும் எழாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைத்து 999ஐ அழைக்க வேண்டும். வழக்கமாக இந்நிலையில் போடும் குளுக்ககான் ஊசி கல்லீரலின் சேமிப்பை அவிழ்த்துவிடச் சொல்லும் கட்டளை மட்டுமே. இரவெல்லாம் குடித்தவரின் சேமிப்பு காலியாக இருக்கக்கூடும். அதனால்தான், ஆம்புலன்ஸ் வந்ததும், நோயாளி குடித்திருக்கிறார் என்பதை வீட்டார் வெட்கப்படாமல் முதல் வார்த்தையாகவே சொல்லிவிட வேண்டும்.